ஒரு பிள்ளைக்கு இரண்டு விண்ணப்பம்

இந்த ஊரில் வருமான வரிப் படிவம் கொடுக்க முதலில் வந்து நிற்பவர்கள் வருமானம் இல்லாதவர்கள்தான். இதைத் தூத்துக்குடியில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். முதல் வருடம் நானே நம்பவில்லை. மார்ச் மாதத்துச் சனிக்கிழமை காலை, வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினொரு டிகிரி, நூலகக் கதவு திறக்க இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது. அதற்குள் இருபத்து மூன்று பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை, பைக்குள் கசங்கிய தாள்கள், முகத்தில் ரேஷன் கடைக்குச் சீனி வந்துவிட்டது என்று கேள்விப்பட்டவர்களின் சந்தோஷம். வரி விஷயத்துக்காக இப்படிச் சிரித்துக்கொண்டு நிற்கும் கூட்டத்தை என் எழுபத்தொரு வயதில் வேறெங்கும் பார்த்ததில்லை.

காரணம் எளிது. கனடாவில் வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் உதவித்தொகை தருகிறது. ஆனால் உனக்கு வருமானம் குறைவு என்பதை நீதான் வருடத்துக்கு ஒருமுறை எழுதிச் சொல்ல வேண்டும். பூஜ்யமாக இருந்தாலும் அந்தப் பூஜ்யத்தை ஏப்ரல் முடிவதற்குள் தெரிவித்தாக வேண்டும். எழுதித் தருகிற கடைகள் காசு கேட்கும். அதனால் வசந்த காலம் தொடங்கியதும் நூலகங்களிலும் தேவாலயங்களின் கீழ்த்தளங்களிலும் தொண்டர்கள் உட்கார்ந்து இலவசமாக எழுதிக் கொடுக்கிறார்கள். இதற்கு டாக்ஸ் கிளினிக் என்று பெயர். ஸ்கார்பரோவில் என் மகள் வீட்டுக்குப் பக்கத்து நூலகத்தின் கீழ்த்தளத்தில் நான்காம் எண் மேசை என்னுடையது. சனிக்கிழமை தோறும் கிளினிக்குக்குப் போகிறேன் என்று தொலைபேசியில் மைத்துனரிடம் சொன்னேன். இரண்டு நாளுக்குள் தூத்துக்குடியிலிருந்து ஆறு பேர் உடம்புக்கு என்ன என்று கேட்டு அழைத்தார்கள். அதில் ஒருவர், என்ன மாத்திரை கொடுக்கிறார்கள், ஒன்றின் பெயரைச் சொல்லுங்கள், எனக்கும் அதே கோளாறுதான் என்றார்.

நம் ஊரிலும் ஏழை தன் ஏழ்மையை எழுத்தில் காட்டத்தான் வேண்டும். தாலுகா அலுவலகத்து வேப்பமரத்தடியில் மடக்கு மேசை போட்டு மனு எழுதுபவர்கள் இருப்பார்கள். வருமானச் சான்றிதழுக்கு ஒரு மனு, மூன்று நகல், இரண்டு கையெழுத்து, குறைந்தது நான்கு நடை. பிள்ளையின் கல்லூரி உதவித்தொகைக்காக அப்படி அலைந்த எதிர்வீட்டுக்காரர், அந்த அலைச்சலுக்கு ஆன பஸ் காசையும் சேர்த்தால் தான் ஏழையே இல்லை என்பார். இங்கே வரிசையில் நிற்பவர்களுக்குக் காப்பி கொடுக்கிறார்கள். கையெழுத்து ஒன்றே ஒன்றுதான். ஆனாலும் அந்தப் பிளாஸ்டிக் பையைப் பிடித்திருக்கும் பிடி மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கும் பிடி.

நான் இதில் சேர்ந்தது மகளின் தொல்லை தாங்காமல்தான். அவளைக் கேட்டால் என் தொல்லை தாங்காமல் என்பாள். மனைவி இறந்த பிறகு இங்கே வந்தேன், நான்கு வருடம் ஆகிறது. தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம் டாலி கிளார்க்காக இருந்தவன் நான். தோணியிலும் கப்பலிலும் ஏறும் மூட்டையையும் இறங்கும் மூட்டையையும் எண்ணுவதுதான் வேலை. எண்ணுவதற்கு மூட்டை இல்லாமல் போனதும் வீட்டில் இருப்பதையெல்லாம் எண்ண ஆரம்பித்துவிட்டேன். குளிர்சாதனப் பெட்டி ஒரு நாளில் எத்தனை முறை திறக்கப்படுகிறது என்று மருமகனிடம் சொன்ன அன்றுதான் மகள் இந்தத் தொண்டர் வேலைக்கு என் பெயரைக் கொடுத்தாள். ஒரு பயிற்சி, ஒரு தேர்வு. இருபது கேள்வியில் பத்தொன்பது சரி. தவறிய அந்த ஒன்று இன்னும் என்னை உறுத்துகிறது. தொண்டராகச் சேர்வதற்காக, நான் குற்றவாளி இல்லை என்று போலீஸ் கொடுத்த சான்றிதழைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். எழுபது வருடத்தில் அதை எனக்கு எழுதிக் கொடுத்தவர்கள் இவர்கள்தான்.

எங்கள் கிளினிக்கை நடத்துபவர் மார்லீன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. என்னை விட மூன்று வயது இளையவர். பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்கிறார். எனக்கு வாய் வராது, மேடம் என்பேன். தங்கராஜ் என்ற என் பெயரை ராஜ் என்று அவரே வெட்டிக்கொண்டார். நான் வந்த முதல் வாரம் தூத்துக்குடியைப் பற்றிக் கணினியில் தேடிப் படித்துவிட்டு வந்து, முத்துக் குளிக்கிற ஊர்தானே, எத்தனை முத்து பார்த்திருப்பாய் என்று ஆவலோடு கேட்டார். உப்பு மூட்டை என்றால் லட்சக் கணக்கில் சொல்லலாம், முத்து என்றால் பூஜ்யம், என் மகள் கல்யாணத்துக்கு வாங்கிய முத்துத் தோடுகூட ஹைதராபாத்திலிருந்து வந்தது என்றேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஆனாலும் புதிய தொண்டர்களிடம் என்னை முத்து ஊர்க்காரர் என்றுதான் இன்றும் அறிமுகப்படுத்துகிறார்.

இந்த வருடம் மார்ச் மூன்றாம் சனிக்கிழமை என் மேசைக்கு வந்தவள் பிலோமினா. (பெயர்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்ட இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். மாற்றுவதென்றால் கொஞ்சம் நல்ல பெயராக வையுங்கள் என்று சொன்னார்கள்.) தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரை ஊர்க்காரி, ஐம்பதை ஒட்டிய வயது. கணவர் இங்கே வந்த மூன்றாம் வருடம் இறந்துவிட்டார், பிள்ளை இல்லை. ஒரு பேக்கரியில் பகுதி நேர வேலை. என் பேச்சைக் கேட்டதுமே, அண்ணாச்சி நம்ம பக்கமா என்று கேட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இலங்கைத் தமிழர்கள் நிறைந்த இந்தப் பகுதியில் அண்ணாச்சி என்ற சொல் காதில் விழுவது அபூர்வம். அவளோடு ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று வந்திருந்தது. அதன் பெயர் ஜாஸ்மின். வந்ததும் என் மேசையிலிருந்த பென்சில்களை நிற வாரியாக அடுக்க ஆரம்பித்தது. எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துப்போயிற்று.

பிலோமினாவின் வரிப் படிவம் பதினெட்டு நிமிடத்தில் முடிந்தது. எழுந்திருக்க வேண்டியவள் எழவில்லை. பையின் அடியிலிருந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்து வைத்தாள். வந்து பதினொரு நாள் ஆகியும் பிரிக்காத கவர். வரித்துறைக் கடிதம். நான் பிரித்துப் படித்தேன். ஜாஸ்மின் என்ற குழந்தையின் தாய் என்று இரண்டு பெண்கள் உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். குழந்தை யாரிடம் வசிக்கிறது, யார் அதை வளர்க்கிறார்கள் என்பதை முப்பது நாளுக்குள் ஆதாரத்தோடு தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் பணம் நிறுத்தப்படும். மீதி பத்தொன்பது நாள்.

விஷயம் இதுதான். ஜாஸ்மினைப் பெற்றவள் பிலோமினாவின் தங்கை ரெஜினா. அவளும் கணவனும் வடக்கே, பஸ்ஸில் பத்து மணி நேரம் போகிற ஒரு சுரங்க ஊரில் வேலை பார்க்கிறார்கள். இரண்டு பேருக்கும் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், சில வாரம் இருவருக்கும் இரவு வேலை. அதனால் போன செப்டம்பர் முதல் பிள்ளை பெரியம்மாவிடம். ரெஜினா தனக்கு வருகிற குழந்தை உதவித்தொகையை மாதாமாதம் முழுசாக அக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். நடுவில் பேக்கரியில் ஒருத்தி, பிள்ளை வளர்க்கிற எல்லோருக்கும் அரசாங்கம் தருகிறதே, நீ ஏன் எழுதவில்லை என்று கேட்டிருக்கிறாள். பிலோமினாவும் எழுதிவிட்டாள். குழந்தைக்கு என்ன உறவு என்ற இடத்தில் தாய் என்று போட்டிருந்தாள். ஏன் இப்படிப் போட்டாய் என்று கேட்டேன்.

“பெறவு என்னன்னு போட? அவ எனக்கு மவதான, அண்ணாச்சி” என்றாள். பொய் எழுதியவளின் முகம் இல்லை அது. கேள்வியே புரியாதவளின் முகம்.

இதை மார்லீனிடம் விளக்கப் போனதில்தான் நான் தடுமாறினேன். ஆங்கிலத்தில் யோசித்துப் பேசும்போது எனக்கு வாக்கியங்கள் குட்டையாகிவிடும். இந்தப் பிள்ளைக்கு இரண்டு பேரும் அம்மா என்றேன். மார்லீனின் முகம் மலர்ந்தது. என் கையைத் தட்டிக் கொடுத்து, இதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை, இங்கே இது சாதாரணம், என் சகோதரன் மகள் வீட்டிலும் இரண்டு அம்மாதான், அவர்கள் கல்யாணத்தில் நான் ஆடியிருக்கிறேன், துணைவர் என்ற இடத்தில் மற்றவருடைய பெயரைப் போட்டால் போதும் என்றார். அவர் எந்தத் திசையில் போகிறார் என்று எனக்குப் புரிய அரை நிமிடம் ஆயிற்று. மேடம், அக்கா தங்கை, அக்கா தங்கை என்று இரண்டு முறை சொன்னேன். என்ன சொல்லுதாவ என்று பிலோமினா கேட்டாள். பனியைப் பற்றிப் பேசுகிறார் என்றேன். என் வாழ்வில் நான் சொன்ன பொய்கள் கொஞ்சம்தான், அதில் இது ஒன்று.

மார்லீன் சிரித்து முடித்த பிறகு சட்டத்தைச் சொன்னார். பெற்றவர் யார் என்பது இந்த உதவித்தொகைக்குக் கேள்வியே இல்லை. பிள்ளை யாரோடு வசிக்கிறது, யார் கவனித்துக்கொள்கிறார்கள் என்பதுதான் கேள்வி. பிலோமினாவுக்குத்தான் வரவேண்டும். உறவைப் பெரியம்மா என்று திருத்தி, பள்ளியிலிருந்து ஒரு கடிதமும் டாக்டரிடமிருந்து ஒரு கடிதமும், பெற்றவளிடமிருந்து பிள்ளை இப்போது என்னோடு இல்லை என்று ஒரு கடிதமும் வாங்கி அனுப்பினால் முடிந்தது. நான் இதைத் தமிழில் சொல்லச் சொல்லப் பிலோமினாவின் முகம் சந்தோஷப்பட வேண்டியதற்குப் பதில் இறுகிக்கொண்டே போயிற்று. கடைசியில், வேண்டாம் அண்ணாச்சி, தெரியாமல் எழுதிவிட்டேன், பிள்ளை என்னுடையது இல்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. பேக்கரி சம்பளத்தில் பிள்ளையை வைத்துக்கொண்டு, வருகிற பணத்தை யாராவது வேண்டாம் என்பார்களா என்றேன். அவள் குழந்தைக்குக் கேட்காதபடி குனிந்து சொன்னாள்.

“பிள்ள என்கூட இல்லன்னு பெத்தவள எழுதச் சொன்னா, அவளுக்கு ரோசம் வந்துராதா? மறு பஸ்ஸுலயே கூட்டிட்டுப் போயிருவா அண்ணாச்சி. பணம் போனா போட்டும்.”

அவள் பயம் இதுதான். பணத்துக்காக இல்லை. அந்த ஒரு வரியை எழுதும்போது தங்கைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகத் தோன்றிவிட்டால் அவளிடம் மிஞ்சுவது அந்த ஓர் அறை வீடும் அதிகாலை பேக்கரியும்தான். எழுதுவதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் தங்கையிடம் பேசு என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

அந்த இரண்டு வாரமும் எனக்குத் தூக்கம் சரியில்லை. நானும் பெரியம்மா வீட்டில் வளர்ந்தவன்தான். எங்கள் வீடு உடன்குடியில். நாசரேத் பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம் என்று ஆறாம் வகுப்பில் என்னை அங்கே பெரியம்மா வீட்டில் விட்டார்கள். பத்தாம் வகுப்பு முடியும்வரை அங்கேதான் சாப்பாடு, அங்கேதான் அடி. பள்ளி ஆவணங்களில் ஐந்து வருடமும் அப்பா பெயரும் உடன்குடி முகவரியும் இருந்தன. அப்பா அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் ஒருமுறைகூட வந்ததில்லை. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. யாரிடம் இருக்கிறாய் என்று ஒரு காகிதம் கேட்டிருந்தால் அம்மாவும் பெரியம்மாவும் என்ன எழுதியிருப்பார்கள் என்று இப்போது படுத்துக்கொண்டு யோசித்தேன். கேட்காத ஊரில் அது சௌகரியம். கேட்கிற ஊரில்தான் பெரியம்மாவுக்குச் சோற்றுக் காசு கிடைக்கிறது. இரண்டில் எது மேல் என்று மூன்று இரவு யோசித்தேன். மூன்று விதமாகத் தோன்றியது.

ஏப்ரல் முதல் சனிக்கிழமை மதியம், வரிசை முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது பிலோமினா வந்தாள். பின்னால் ஜாஸ்மின். அதற்குப் பின்னால், பனிக்கோட்டின் ஜிப்பைக்கூட இறக்காமல் ரெஜினா. முந்தின இரவு பஸ்ஸில் வந்திறங்கியவள். அக்காவை விடப் பத்து வயது இளையவள், அக்காவை விட இரண்டு மடங்கு சத்தம். பிலோமினா கண்ணாலேயே என்னிடம், எல்லாம் முடிந்தது என்பதுபோல் காட்டினாள். நான் பேனாவை மூடி வைத்தேன். ரெஜினா மேசை முன்னால் நின்று அக்காவைப் பார்த்துத்தான் ஆரம்பித்தாள்.

“ஏக்கா, பிள்ள ஒனக்கு இல்லன்னு எழுதிக் குடுக்கப் போனியாமே?”

பிலோமினா குனிந்து ஜாஸ்மினின் கோட்டைக் கழற்ற ஆரம்பித்தாள்.

“அவ ஒம் பிள்ள இல்லன்னா, நான் யாரு வீட்டுல விட்டுட்டு அங்கன கெடக்கேன்? ரோட்டுல போறவ வீட்டுலயா?” என்றவள் என் பக்கம் திரும்பினாள். “நீங்களும் அதக் கேட்டுட்டு எழுத உக்காந்திய, அண்ணாச்சி. வயசுல பெரியவியன்னு பாக்கேன்.”

எழுதவில்லை, தள்ளித்தான் போட்டேன் என்றேன். அது அவள் காதில் ஏறவில்லை. பிலோமினா அழ ஆரம்பித்தாள். ஏளா, நீ கூட்டிட்டுப் போயிருவியோன்னு பயந்துட்டேன் என்று அழுகைக்கு நடுவில் சொன்னாள். எங்கே கூட்டிக்கொண்டு போக, சுரங்கத்துக்குள்ளேயா என்று ரெஜினா கேட்டாள். பிலோமினா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். மார்லீன் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, சண்டையா என்று என்னிடம் கேட்டார். இல்லை, முடிவு என்றேன். அவர் காகிதக் கைக்குட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்தார். இந்த மாதிரிக் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது எங்கள் கிளினிக்கின் வேலையில் சேராது. எங்கள் வேலை நேரம் முடிந்துவிட்டது என்று கடிகாரத்தைக் காட்டினார் மார்லீன். முடிந்த பிறகு செய்தால் விதியில் வராதாம்.

ரெஜினா தமிழிலேயே எழுதினாள். மூன்று வாக்கியம். என் மகள் செப்டம்பரிலிருந்து என் அக்காவிடம் இருக்கிறாள். சோறு போடுவதும் பள்ளிக்கு அனுப்புவதும் காய்ச்சலுக்குப் பார்ப்பதும் அக்காதான். நானும் அவளுக்கு அம்மாதான். அத்தனை சத்தம் போட்டவளுக்கு முதல் வாக்கியத்தை முடிக்க நேரமாயிற்று. “என் மகள்” வரைக்கும் எழுதிவிட்டுப் பேனா நின்றது. பிலோமினா தங்கையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனா நகர்ந்தது. நான் ஆங்கிலத்தில் பெயர்த்தேன். மூன்றாவது வாக்கியம் அவசியமில்லை, அது அதிகாரிக்கு எதையும் நிரூபிக்காது என்றார் மார்லீன். தமிழில் மூன்று இருந்தால் ஆங்கிலத்திலும் மூன்றுதான் இருக்கும், ஒன்று குறைந்தால் சரக்கில் பற்றாக்குறை என்றேன். அவர் விட்டுவிட்டார்.

பள்ளிக் கடிதத்தையும் டாக்டர் கடிதத்தையும் பிலோமினா திங்கட்கிழமை வாங்கிச் சேர்த்துவிடுவாள். கடைசி இணைப்பு ஓர் அட்டவணை. செப்டம்பர் முதல் மார்ச் முடிய ஒவ்வொரு இரவும் பிள்ளை எங்கே தூங்கியது என்று. இது என் தொழில். ஒரு தாளில் கோடு கிழித்து இடப்பக்கம் அக்கா, வலப்பக்கம் தங்கை என்று எழுதிக்கொண்டேன். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு இரவு. கிறிஸ்துமஸ் விடுமுறையில் வடக்கே பதினான்கு. பெரியம்மாவோடு மட்டும் இருந்தது நூற்று எண்பது. கூட்டினால் நூற்றுத் தொண்ணூற்று நான்குதான் வருகிறது. பதினெட்டு உதைக்கிறது. மூன்று முறை எண்ணினேன். பிறகுதான் தெரிந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரெஜினா வந்து வெள்ளியும் சனியும் தங்கிய இரவுகள் அவை, ஒன்பது தடவை. அவற்றை எந்தப் பக்கம் போடுவது என்று கேட்டேன். உன் வீட்டில்தானே தூங்கினாள், உன் பக்கம் போடச் சொல் என்று தங்கை சொன்னாள். நீ வந்த அன்று அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாளா, ரெஜினா பக்கமே போடுங்கள் என்று அக்கா சொன்னாள். முன்னால் ஒருத்தி பணத்தை வேண்டாம் என்றாள், இப்போது இருவரும் இரவுகளைத் தள்ளிவிடுகிறார்கள். சரி, பிள்ளை யார் பக்கத்தில் படுத்திருந்தது என்று கேட்டேன். ரெண்டு பேருக்கும் நடுவில்தான் என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

துறைமுகத்தில் ஷிப்ட் மணி அடிக்கும்போது சில சமயம் ஒரு கட்டுச் சரக்கு கிரேனில் தொங்கிக்கொண்டிருக்கும். தோணியிலிருந்து ஏறிவிட்டது, தளத்தில் இறங்கவில்லை. தோணிக்காரர் கணக்கிலும் இல்லை, எங்கள் கணக்கிலும் இல்லை. அது இறங்கும்வரை இரண்டு பக்கத்துக் கிளார்க்குகளும் பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி அண்ணாந்து நிற்போம். இத்தனை வருடத்தில் ஒருநாளும் அந்தக் கட்டுக்கு ஓர் இடம் எழுத எனக்குத் தோன்றியதில்லை. நான்கு வருடமாக அங்கே பாதி இங்கே பாதி என்று மகள் வீட்டு மாடியறையில் இருக்கிறேன். யாராவது எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் நானும் அண்ணாந்துதான் பார்க்கிறேன். அட்டவணையில் இரண்டு பக்கத்துக்கும் இடையே இன்னொரு கோடு கிழித்து, மெல்லியதாக ஒரு கட்டம் உண்டாக்கி, அதில் பதினெட்டு என்று எழுதினேன். இது என்ன என்று மார்லீன் கேட்டார். நடுவில் என்றேன். வரித்துறையில் அப்படி ஒரு கட்டம் கிடையாதே என்றார். கூட்டினால் இருநூற்றுப் பன்னிரண்டு வருகிறதா பாருங்கள் என்றேன். கூட்டிப் பார்த்தார். வந்தது.

ஆறு வாரம் கழித்து வந்த பதிலில், பிலோமினாவே பிள்ளையை வளர்ப்பவர் என்றும் செப்டம்பரிலிருந்து அவருக்கே உரியது என்றும் எழுதியிருந்தார்கள். ரெஜினாவுக்கு அதுவரை வந்த பணத்தை அக்காவும் தங்கையும் தங்களுக்குள் நேர் செய்துகொண்டார்கள். நடுக்கட்டத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அது பிந்திய சங்கதி. அந்தச் சனிக்கிழமை மாலை அவர்கள் கிளம்பும்போது ஜாஸ்மின் நாற்காலியில் கிடந்த கோட்டுகளின் மேல் தூங்கிவிட்டிருந்தது. ரெஜினா தூக்கித் தோளில் போட்டாள். பிலோமினா தொங்கிய ஒரு ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் பிள்ளையின் காலைப் பிடித்தபடி பின்னாலேயே படி ஏறினாள். நடுக்கட்டத்தில் நேற்றிரவு பத்தொன்பது, இன்றிரவு இருபது என்று நான் கீழே நின்று எண்ணிக்கொண்டேன்.